உடம்புக்குள் ஓர் அடுப்பு! பனியில் விறைத்த வௌவால் சூடேறும் அதிசயம்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஒரு மலைக்குகை. வெளியே முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கிறது. மரங்களில் இலை இல்லை. பறக்கிற பூச்சி ஒன்றுகூட இல்லை.

குகைக்குள் கும்மிருட்டு. கூரையில், கரித்துண்டு போல ஒரு சின்னஞ்சிறு உருவம் தலைகீழாகத் தொங்குகிறது.

அது ஒரு வௌவால்.

தொட்டால் ஜில் என்று இருக்கும். அதன் உடம்பின் உஷ்ணம் 5 அல்லது 6 டிகிரி சென்டிகிரேடுதான். அது தொங்கும் பாறையின் உஷ்ணமும் ஏறத்தாழ அதேதான்! பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் தடவை துடிக்கிற அதன் இதயம், இப்போது பத்து, இருபது தடவை மட்டும் துடிக்கிறது. மூச்சு? ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பல நிமிடங்கள் கழிகின்றன.

செத்துப் போய்விட்டதோ என்று தோன்றும். சாகவில்லை.

திடீரென்று அதன் இதயம் வேகம் பிடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. தோள் சூடாகிறது, பிறகு தலை சூடாகிறது. உடம்பு கிடுகிடு என்று நடுங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அதன் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. மனிதனுக்கு இருப்பது 37. அந்த அளவுக்கு வந்துவிட்டது!

கல்லாகக் கிடந்தது, சிறகை விரித்துப் பறக்கிறது.

குகையில் வெயில் இல்லை. தீ இல்லை. அதற்கு வாயில் போட்டுக்கொள்ள ஒரு கொசுகூடக் கிடைக்கவில்லை. அப்படியானால் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

ஒரு சவரன் எடை!

இதற்குச் சின்னப் பழுப்பு வௌவால் என்று பெயர். வட அமெரிக்காவில் வாழ்கிறது. எடை ஏறத்தாழ 8 கிராம். ஒரு சவரன் தங்கத்தின் எடையும் அதுதான்.

உடம்பு சிறுத்தால் சூடு சீக்கிரம் போய்விடும். அண்டாவில் உள்ள வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கிறது. டம்ளரில் ஊற்றிய காபி பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடுகிறது. வௌவால், டம்ளர் காபி! அது சூடாகவே இருக்க வேண்டுமானால் ஓயாமல் சாப்பிட வேண்டும். கோடையில் அப்படித்தான் சாப்பிடுகிறது. பால் கொடுக்கிற தாய் வௌவால் ஒரே இரவில் தன் எடைக்குச் சமமான பூச்சிகளைத் தின்று தீர்த்துவிடும்.

பனிக்காலத்தில் பூச்சிக்கு எங்கே போவது? ஆகவே அது அடுப்பையே அணைத்துவிடுகிறது. உடம்பின் சூட்டைக் குகையின் குளிர் அளவுக்கு இறக்கிவிட்டு, அக்டோபர் வாக்கில் மயக்கத்தில் ஆழ்கிறது. ஏப்ரல் வரை இப்படியே காலம் தள்ளுகிறது.

கரடியும் பனிக்காலத்தில் படுத்துவிடும். ஆனால் கரடியின் உஷ்ணம் சில டிகிரிதான் குறையும். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு தடவை ஆறிப்போனால், மறுபடி சூடேற்றுவது லேசான காரியமா? சின்ன உடம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. சீக்கிரம் ஆறும், சீக்கிரம் சூடாகும்.

தோளில் உள்ள அடுப்பு

வௌவாலின் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகுப் பக்கம், பழுப்பு நிறத்தில் ஒரு கொழுப்பு இருக்கிறது. அதற்குப் பழுப்புக் கொழுப்பு என்றே பெயர். அடுப்பு அதுதான்!

மற்றக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். அது சேமிப்பு. பரணில் அடுக்கி வைத்த விறகு மாதிரி. பழுப்புக் கொழுப்போ எரிப்பதற்கென்றே அமைந்தது. அதனுள் ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய எஞ்சின்கள் ஏராளம். அந்த எஞ்சின்களில் இரும்புச் சத்து உண்டு. பழுப்பு நிறம் வருவதற்கு அதுவே காரணம்.

எந்த உடம்பிலும் இந்த எஞ்சின்கள் உணவை எரித்து, வேலைக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கின்றன. அணைக்கட்டில் தேங்கிய தண்ணீர் குழாய் வழியாகப் பாய்ந்து, சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் கொடுப்பதைப் போன்றது அது. சரி, சக்கரத்தின் பக்கம் போகாமல் வேறொரு மதகைத் திறந்து விட்டால்? தண்ணீர் தடதடவென்று கொட்டும். மின்சாரம் கிடைக்காது.

பழுப்புக் கொழுப்பில் அப்படி ஒரு மதகு இருக்கிறது. அது ஒரு புரதம். மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை வந்ததும் மதகு திறக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, வேலை எதுவும் நடப்பதில்லை. எரிந்த கொழுப்பு முழுவதும் சூடாகவே மாறிவிடுகிறது. மற்ற இடத்தில் இதை நஷ்டம் என்று சொல்லலாம். இங்கே அதுதான் லாபம்!

சூடான ரத்தம் முதலில் இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. இடுப்புக்குக் கீழே போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி நிற்கின்றன. முன்பாதி சூடாகும்போது பின்பாதி இன்னும் குளிர்ந்தே கிடக்கும். சூட்டைப் படம் பிடிக்கும் காமிராவில் பார்த்தால், தோளுக்கு நடுவே மட்டும் ஒரு தணல் மின்னுவது தெரியும்.

உடம்பு ஓரளவு சூடான பிறகு தசைகள் கைகொடுக்கின்றன. அதுதான் அந்தக் கிடுகிடு நடுக்கம். குளிரில் நம் பல் தந்தி அடிக்கிறதே, அதே வேலைதான்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். 5 டிகிரிக் குளிரில் கொழுப்பு உறைந்து போகாதா? உறைந்த கொழுப்பு எரியுமா?

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்தாலும் எண்ணெய் விழாது. பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெய்ச் சீசாவுக்கு ஒன்றும் ஆகாது. கொழுப்பிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. பனிக்காலத்தில் மயங்கிக் கிடக்கும் பிராணிகளின் உடம்பில், நல்லெண்ணெயைப் போல எளிதில் உறையாத கொழுப்பு நிறைய இருக்கிறது. தரை அணில் வகைகளுக்கு இது விதைகளிலிருந்து கிடைக்கிறது. அத்தகைய எண்ணெய் கலந்த உணவைத் தின்ற பிராணிகள் அதிகக் குளிரைத் தாங்குவதையும், அதிக நாள் மயங்கிக் கிடப்பதையும் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

400 வருடப் புதிர்

பழுப்புக் கொழுப்பை முதலில் எழுதி வைத்தவர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கான்ராட் கெஸ்னர். வருடம் 1551. மலையில் வாழும் மார்மட் என்ற பெரிய அணிலை அவர் ஆராய்ந்தார். அதன் முதுகில் இருந்ததைக் கொழுப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சதை என்றும் சொல்ல முடியவில்லை. அப்படியே எழுதி வைத்துவிட்டார்.

அது எதற்கு என்று கண்டுபிடிக்க 400 வருடங்களுக்கு மேல் ஆயிற்று! ஏதோ ஒரு சுரப்பி என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில்தான் அது சூடு உண்டாக்கும் உறுப்பு என்று தெரிந்தது. மேலே சொன்ன மதகு பிடிபட்டது 1970களில்.

தொட்டில் குழந்தையிடமும்!

இந்த அடுப்பு மிருகங்களுக்கு மட்டும் சொந்தம் அல்ல. பிறந்த குழந்தைக்கும் உண்டு.

குளிர் பட்டால் பெரியவர்கள் நடுங்குகிறார்கள். பச்சைக் குழந்தை அப்படி நடுங்குவது இல்லை என்றே சொல்லலாம். தோள்பட்டைகளின் நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு இந்தக் கொழுப்பு மிகக் குறைவு. அதைத் துணியில் பொதிந்து, தாயின் மார்போடு அணைத்து வைக்கும்படி டாக்டர்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வளர்ந்தவர்களிடம் இது மறைந்து போகும் என்று நினைத்திருந்தார்கள். பலரிடம் கழுத்துப் பக்கம் கொஞ்சம் மிஞ்சி, வேலையும் செய்கிறது என்று 2009-ல் தெளிவாயிற்று.

தூங்குவதற்காக விழிக்கும் அணில்!

அலாஸ்காவில் ஒரு தரை அணில் உண்டு. வளைக்குள் மண்ணே உறைந்து கிடக்கும். அங்கே அது 7, 8 மாதம் படுத்திருக்கிறது. பிரையன் பார்ன்ஸ் என்ற விஞ்ஞானி அதன் உடம்புக்குள் உஷ்ணத்தை அளக்கும் சிறு கருவியை வைத்து ஆராய்ந்தார். 1989-ல் முடிவை வெளியிட்டார். அணிலின் உஷ்ணம் சைபருக்குக் கீழே 2.9 டிகிரி! தண்ணீர் பனிக்கட்டியாகும் நிலைக்கும் கீழே. ஆனாலும் ரத்தத்தில் பனிக்கட்டி இல்லை. அணில் உயிரோடு இருந்தது.

இதுவும் வௌவாலைப் போலவே இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை சூடேறி விழிக்கிறது. பிறகு அரை நாளுக்குமேல் உடம்பைச் சூடாகவே வைத்திருக்கிறது.

வளையை விட்டு வெளியே போவது இல்லை. பின் எதற்காக விழிக்கிறது?

விழித்து, சூடான பின், அது செய்கிற முக்கியமான வேலை... தூக்கம்!

வேடிக்கை அல்ல. 1991-ல் விஞ்ஞானிகள் இதைத் தெரிவித்தார்கள். குளிர் மயக்கம் வேறு, தூக்கம் வேறு. மயக்கத்தில் மூளைக்கு உண்மையான ஓய்வு கிடைப்பது இல்லை. நாள் ஆக ஆகத் தூக்கக் கடன் ஏறுகிறது. அதைத் தீர்க்க உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தூங்குகிறது என்பது அவர்கள் கருத்து. வௌவால் விழிக்கும்போது தண்ணீர் குடிக்கவும் செய்கிறது. இதுதான் ஒரே காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒருமனதாகச் சொல்லவில்லை.

வெயிலைக் கடன் வாங்கும் பிராணி

அடுப்பே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆஸ்திரேலியாவில் டன்னார்ட் என்ற பிராணி இருக்கிறது. பார்வைக்குச் சுண்டெலி மாதிரி. எடை 15 கிராம். ஆனால் எலி இனம் அல்ல; கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் சுமக்கும் இனம். பழுப்புக் கொழுப்பு அடுப்பு இதற்கு இல்லை. வாலில் மட்டும் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும்.

வறண்ட நிலத்தில் குளிர்கால இரவு. பின்னிரவில் டன்னார்ட் ஒரு பொந்தில் முடங்கி, உடம்பை ஆற விட்டுவிடுகிறது. காலையில் எழும்போது உடம்பில் 15 டிகிரி சூடுதான் இருக்கும். நடுங்கியே சூடேற அதற்குத் தெரியும். ஆனால் வால் கொழுப்பு கரைந்துவிடுமே!

ஆகவே விறைத்த உடம்போடு மெல்ல ஊர்ந்து பொந்தின் வாசலுக்கு வருகிறது. அங்கே வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. சூரியன் இலவசமாகச் சூடேற்றுகிறது. பிரிட்ஸ் கெய்சர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தார்கள். இப்படிச் சூடேறினால் செலவில் 85 சதவீதம் வரை மிச்சம்!

ஆபத்தும் உண்டு. 15 டிகிரி உடம்பை வைத்துக்கொண்டு ஓட முடியாது. மேலே பருந்து வட்டமிட்டால் தொலைந்தது. அப்படியும் அது வெயிலுக்கு வருகிறது என்றால், கொழுப்பு அதற்கு எவ்வளவு அருமை என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செலவுக் கணக்கு

வௌவாலின் குகையில் வெயில் கிடையாது. அதற்குக் கைமுதல், இலையுதிர் காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பு ஒன்றே. இரண்டு, மூன்று கிராம் இருக்கும். அதைக்கொண்டு ஆறு மாதம் ஓட்ட வேண்டும்.

கனடாவில் டொனால்ட் தாமஸ் என்ற விஞ்ஞானியும் மற்ற இருவரும் 1990-ல் இதைக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு தடவை சூடேறி விழித்து, மறுபடி மயங்குவதற்கு ஆகும் செலவு 0.108 கிராம் கொழுப்பு. அதே கொழுப்பு மயக்கத்தில் கிடப்பதற்கு எத்தனை நாள் காணும் தெரியுமா? 67 நாள்!

அதாவது ஒரு மணி, இரண்டு மணி நேர விழிப்பு, இரண்டு மாதச் சாப்பாட்டை விழுங்கிவிடுகிறது. பனிக்காலத்தில் 15 தடவை விழித்தால் 1½ கிராமுக்கு மேல் போய்விடும். கிட்டத்தட்ட மொத்தச் செலவும் இந்த விழிப்புக்குத்தான். மயக்கத்துக்கு ஆகும் செலவு சில்லறை!

அதே தாமஸ் இன்னொன்றும் கண்டார். வௌவால்கள் மயங்கிக் கிடக்கும் இடத்துக்கு ஆட்கள் போனார்கள். ஒன்றையும் தொடவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். வௌவால்கள் அசையாமல் இருந்தன. ஆட்கள் போன பிறகு, அரை மணியிலிருந்து ஒவ்வொன்றாக விழித்துப் பறக்கத் தொடங்கின. அந்தப் பரபரப்பு பல மணி நேரம் நீடித்தது! பார்க்க வந்தவர்களுக்கு, தாங்கள் செய்த காரியம் தெரிந்திருக்க நியாயம் இல்லை. இந்த உண்மை தெரிந்த பிறகு, பனிக்காலத்தில் பல குகைகளை மூடிவிடுகிறார்கள். வாசலில் கம்பிக் கதவு போடுகிறார்கள். கம்பிக்கு நடுவே வௌவால் போகலாம்; மனிதன் போக முடியாது.

மூக்கில் வெள்ளைப் பூசணம்

கம்பிக் கதவுக்கு அடங்காத எதிரி ஒன்று 2006-ல் வந்தது.

அந்த வருடம் பிப்ரவரியில், நியூயார்க் மாநிலத்தில் ஹோவ்ஸ் குகைக்குள் ஒருவர் வௌவால்களைப் படம் எடுத்தார். சில வௌவால்களின் மூக்கில் மாவு பூசியது போல வெள்ளை படிந்திருந்தது. மறு வருடம் சுற்றுவட்டாரக் குகைகளில் வௌவால்கள் செத்து விழுந்து கிடந்தன.

அந்த வெள்ளை ஒரு பூசணம். ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே உள்ள வௌவால்கள் அதோடு பழகிவிட்டன. கூட்டம் கூட்டமாகச் சாவது இல்லை. அமெரிக்க வௌவாலுக்கு அது புதிது. குளிர்ந்த இடத்தில்தான் அது வளரும். உயிரோடு, விழிப்போடு, சூடாக இருக்கிற வௌவாலிடம் அதன் ஜம்பம் சாயாது. 5 டிகிரியில் தொங்கும் வௌவாலோ அதற்கு விருந்து!

பூசணம் சிறகின் தோலை அரிக்கிறது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைகின்றன. வௌவால் தவிக்கிறது, அடுப்பை மூட்டி விழிக்கிறது. நோய் இல்லாத வௌவால் 16 நாளுக்கு ஒரு தடவை விழித்தால், நோய் கண்டது 8 நாளுக்கு ஒரு தடவை விழிக்கிறது. போகப் போக இன்னும் அடிக்கடி. ஒவ்வொரு விழிப்புக்கும் அதே 0.108 கிராம்!

பிப்ரவரியிலேயே கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. பூச்சி வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பசி தாங்காமல் பட்டப்பகலில், பனிக்கு மேலே பறந்து இரை தேடுகின்றன. கிடைப்பது இல்லை. குகை வாசலில் பனியில் விழுந்து சாகின்றன.

2012-ல் அமெரிக்க அரசின் வன உயிர் இலாகா ஒரு மதிப்பு வெளியிட்டது. அதுவரை இறந்தவை 57 லட்சம் முதல் 67 லட்சம் வரை! பிறகும் நோய் நிற்கவில்லை. சின்னப் பழுப்பு வௌவால் உட்பட மூன்று இனங்கள், நோய் பரவிய இடங்களில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் அழிந்தன. இரவெல்லாம் பூச்சி பிடித்து விவசாயிக்கு உதவி வந்த ஜீவன் இது. வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். விட்ட எண்ணிக்கையைப் பிடிக்க எத்தனை வருடம் ஆகும்!

பிழைத்தவை எவை?

எல்லாக் குகைகளிலும் எல்லாம் சாகவில்லை. சில இடங்களில் கொஞ்சம் மிஞ்சின. வருடா வருடம் அவை அங்கேயே பிழைத்தன. ஆராய்ச்சியாளர்கள் பனிக்காலத் தொடக்கத்தில் அவற்றைப் பிடித்து எடை போட்டார்கள். நோய் வருவதற்கு முன் அதே குகைகளில் இருந்த வௌவால்களைவிட இவை கொழுத்திருந்தன. விழிப்புச் செலவு கூடினாலும் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு! இந்த விவரம் 2019-ல் வெளியாயிற்று.

இதை வைத்து இரண்டு யோசனைகள் பிறந்தன.

ஒன்று, சில பழைய சுரங்கங்களில் குளிர் காற்று அதிகம் புகும்படி செய்வது. குளிர் கூடினால் பூசணம் மெதுவாக வளரும். மயங்கிக் கிடக்கும் வௌவாலின் செலவும் குறையும்.

மற்றது இன்னும் சுவையானது. இலையுதிர் காலத்தில், வௌவால்கள் குகைக்குள் போவதற்கு முன், குகைக்குப் பக்கத்தில் இரவு நேரத்தில் விளக்கு ஏற்றி வைக்கிறார்கள். வெளிச்சத்துக்கு விட்டில்கள் வந்து மொய்க்கின்றன. வௌவால்கள் தூரம் அலையாமல், விளக்கைச் சுற்றி வட்டமிட்டு, வயிறு நிறையத் தின்றுவிட்டு உள்ளே போகின்றன.